இன்ஹெரிட்டன்ஸ் புரிய வேண்டுமா? மெத்தடை எங்கே தேடுகிறது என்று பாருங்கள்

ஒரு கிளாஸை (ஆப்ஜெக்ட் உருவாக்கும் அச்சு) பேரன்ட்டாக வைத்து இன்னொரு கிளாஸைச் சைல்டாக எழுதுவதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அப்பா சொத்து பிள்ளைக்கு வருவது போல என்றுதான் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். பைத்தானில் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) எதுவும் அப்படிக் கைமாறுவதில்லை. மெத்தடைக் கூப்பிட்டால் பைத்தான் சைல்டு கிளாஸில் முதலில் தேடும், இல்லையென்றால் பேரன்ட்டுக்குப் போகும். அவ்வளவுதான்.

ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். 'கணக்கு' என்று ஒரு கிளாஸ். அதன் இனிட்டில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்) இருப்பு 1000. 'கட்டணம்' என்ற மெத்தட் 0 திருப்பித் தரட்டும். 'எடு' என்ற மெத்தட், கேட்ட தொகையையும் செல்ஃப் (எந்த ஆப்ஜெக்டில் மெத்தடைக் கூப்பிட்டோமோ அது) வழியாகக் கூப்பிட்ட கட்டணத்தையும் இருப்பிலிருந்து கழிக்கட்டும். இனி 'சேமிப்பு' என்ற சைல்டு கிளாஸ். அதில் கட்டணத்தை மட்டும் 5 என்று ஓவர்ரைடு செய்யுங்கள், அதாவது அதே பெயரில் மறுபடி எழுதுங்கள்.

சேமிப்பு ஆப்ஜெக்டில் 200 எடுத்தால் மீதி எவ்வளவு? பலர் 800 என்பார்கள். விடை 795. 'எடு' பேரன்ட்டில்தான் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் செல்ஃப் இன்னமும் சேமிப்பு ஆப்ஜெக்ட்தான். அதனால் கட்டணத்தைத் தேடுவது மறுபடி சேமிப்பிலிருந்தே தொடங்குகிறது. இந்த ஒரு இடம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. சி பிளஸ் பிளஸில் இதையே எழுதி, பேரன்ட்டின் கட்டணத்துக்கு 'விர்ச்சுவல்' (சைல்டின் மெத்தடைப் பார்க்கச் சொல்லும் சொல்) போடாமல் விட்டால் 800தான் வரும்.

அடுத்து, வழக்கமாக இடறும் இடம். சைல்டில் தனியாக இனிட் எழுதி, அதில் சூப்பர் வழியாகப் பேரன்ட்டின் இனிட்டைக் கூப்பிட மறந்தால் இருப்பு உருவாகவே உருவாகாது. ஆப்ஜெக்டை உருவாக்கும்போது பைத்தான் வாயே திறக்காது. 'எடு' ஓடும்போதுதான் ஆட்ரிபியூட் எரர் வரும், அதுவும் பேரன்ட்டின் வரியைக் காட்டி. பிழையைச் சைல்டின் இனிட்டில் தேடுங்கள். ஜாவாவில் நீங்கள் எழுதாவிட்டால் கம்பைலரே சூப்பரைச் சேர்த்துவிடும். அப்போது பேரன்ட்டில் ஆர்கியுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஜாவாவின் இனிட்) இல்லையென்றால் கம்பைல் ஆகாது.

மெத்தட் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் ஓவர்ரைடு நடக்காது, எச்சரிக்கையும் வராது. ஜாவாவில் ஓவர்ரைடு அனோட்டேஷன் (மெத்தடுக்கு மேலே எழுதும் குறிப்பு) போட்டால் கம்பைலர் பிடித்துவிடும். பைத்தான் 3.12 முதல் டைப்பிங் மாட்யூலில் அதே பெயரில் ஒரு டெக்கரேட்டர் உண்டு. ஆனால் டைப் செக்கர் (நிரலை ஓட்டாமலே சரிபார்க்கும் தனிக் கருவி) ஓட்டினால்தான் பயன்.

தேடும் வரிசையில் சந்தேகம் வந்தால் கிளாஸ் பெயரோடு எம்ஆர்ஓ (மெத்தட் ரெசல்யூஷன் ஆர்டர்) மெத்தடைக் கூப்பிட்டு பிரின்ட் செய்யுங்கள்: சேமிப்பு, கணக்கு, ஆப்ஜெக்ட் என்று வரும். இரண்டு பேரன்ட் வைத்தால் இது இல்லாமல் யூகிக்கவே வேண்டாம்.

நாலு வரி மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இன்ஹெரிட் செய்யாதீர்கள். பேரன்ட்டை எதிர்பார்க்கும் எல்லா இடத்திலும் சைல்டைக் கொடுத்தாலும் நிரல் சரியாக ஓடுமா? ஓடாது என்றால் பேரன்ட் ஆப்ஜெக்டை ஒரு ஃபீல்டாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.