வலியை ஸ்பானிஷில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷில் உடல்நலப் பாடம் வந்தாலே புதியவர்கள் அதே பழைய குழிகளில்தான் விழுகிறார்கள். உச்சரிப்புப் பிசகெல்லாம் பேசப் பேசச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஆங்கிலம் வழியாக வலிப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு 'மி கபேஸா துவேலே' ('என் தலை வலிக்கிறது') என்றார். ஆங்கிலத்தில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். பக்கத்திலிருந்தவர் ஒரு படி மேலே போய் 'யோ துவேலோ' என்றார். அதாவது, நானே யாரையோ வலிக்க வைக்கிறேன்!

சரியானது 'மே துவேலே லா கபேஸா'. மே, எனக்கு. துவேலே, வலிக்கிறது. லா கபேஸா, தலை. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் அதே அமைப்பு. 'என்' என்ற சொல்லே ('மி') தேவையில்லை. இது கையிலிருக்க, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்? உனக்கு என்றால் 'தே', அவருக்கு 'லே', நமக்கு 'நோஸ்'. டாக்டர் 'தோந்தே லே துவேலே?' (எங்கே வலிக்கிறது?) என்று கேட்டால், இடத்தைத் தொட்டு 'மே துவேலே அகீ' (இங்கே வலிக்கிறது) என்றாலே போதும்.

ஒரே இடத்தில் தமிழ் காலை வாரும். 'கால் ரெண்டும் வலிக்குது' என்று பேச்சில் ஒருமையிலேயே ஓட்டிவிடுவோம். ஸ்பானிஷ் அப்படி விடாது. வலிக்கிற உறுப்பு பன்மையானால் வினையும் பன்மை: 'மே துவேலென் லோஸ் பியேஸ்'.

அடிபட்ட கை யாருடையது?

கை (புஜம் உள்ளிட்ட முழுக்கை, 'பிராஸோ') முறிந்ததைச் சொல்ல 'ரொம்பீ மி பிராஸோ' என்று எழுதுகிறார்கள். 'மே ரொம்பீ எல் பிராஸோ' என்பதுதான் வழக்கு. அந்த 'மே' இருந்தால் கை உங்களுடையது என்பது புரிந்துவிடும், அப்புறம் 'மி' எதற்கு? விரலை வெட்டிக்கொண்டால் 'மே கொர்தே எல் தேதோ', கணுக்கால் பிசகினால் 'மே தோர்ஸீ எல் தொபீயோ'.

காய்ச்சல்

'தெங்கோ ஃபியேப்ரே', அதாவது 'என்னிடம் காய்ச்சல் இருக்கிறது'. 'எஸ்தோய் ஃபியேப்ரே' ('நான் காய்ச்சலாக இருக்கிறேன்') அல்ல.

லா மானோ

மானோ என்றால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை. ஆண்பால் சொல் போல ஓகாரத்தில் முடிந்தாலும் இது பெண்பால்.

உடம்பு சரியில்லை

இரண்டுமே 'நான் இருக்கிறேன்' என்றாலும், இங்கே 'எஸ்தோய்' போடுங்கள், 'சோய்' வேண்டாம். ஆண் என்றால் என்ஃபெர்மோ, பெண் என்றால் என்ஃபெர்மா.

கொன்ஸ்திபாதோ

மலச்சிக்கலைக் குறிக்கும் ஆங்கில 'கான்ஸ்டிபேட்டட்' போல ஒலித்தாலும், ஸ்பெயினில் இது ஜலதோஷம். மலச்சிக்கல் என்றால் 'எஸ்த்ரெஞீதோ'. மருந்துக்கடைக்குள் நுழையும் முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.