பள்ளிக் கணினி பழுதானால்: சர்வீஸ் ஆளை அழைப்பதற்கு முன்

பல பள்ளிகளின் கணினி ஆய்வகத்தில் இரண்டு மூன்று கணினிகள் உறை போட்டபடியே கிடக்கின்றன. கேட்டால் "ஓடவில்லை" என்பார்கள். என்ன பழுது, எப்போதிலிருந்து என்று எங்கும் எழுதியிருக்காது. பிள்ளைகளோ மீதிக் கணினிகளின் முன் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் சரியாகக்கூடிய பழுதுக்காக அவர்களின் வகுப்பு வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை.

1. எண்ணும் பதிவேடும்

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் ஒட்டுங்கள். ஒரு நீளக் குறிப்பேட்டில் தேதி, கணினி எண், பழுது, புகார் எண், சரியான நாள் என்று கட்டம் போடுங்கள். பழுதுக் கட்டத்தில் "ஓடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது, மூன்று முறை பீப் ஒலி வருகிறது" என்று கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாலே, வருபவர் எந்தப் பாகத்தோடு வரவேண்டும் என்பதை ஓரளவு ஊகித்துவிடுவார்.

2. உத்தரவாதத் தேதி

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் கணினிப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பின்புறமுள்ள வரிசை எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

3. மின்சாரமும் கேபிளும்

பிளக், யுபிஎஸ், பெட்டியின் பின்னால் உள்ள சிறு சுவிட்ச், மானிட்டர் கேபிள் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

4. ரேம்

விசிறி சுற்றியும் திரை வரவில்லையா? முதலில் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பலகையைச் சந்தேகியுங்கள். மின்கம்பியை உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். இருபுறக் கொக்கிகளையும் விலக்கி ரேமை எடுத்து, தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

5. தேதி தவறாகக் காட்டினால்

அணைத்துப் போடும்போதெல்லாம் கணினி பழைய ஆண்டுக்குப் போகிறதா? தாய்ப்பலகையில் (பெட்டிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை) உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர் 2032 வகைதான். தேதி தவறினால் பல இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். இதை இணையப் பழுது என்று எண்ணி மோடத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் அதிகம்.

6. தொடக்கூடாதது

எஸ்எம்பிஎஸ், அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் உள்பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். கருகிய வாடை வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புகார் கொடுங்கள். மாணவர்களை அருகே விடாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தரும்படி சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். அதற்கு முன் மதிப்பெண் பட்டியல்களைப் பென் டிரைவில் நகலெடுத்து, அதையும் பதிவேட்டில் குறித்துவிடுங்கள்.