வாழ்வை மாற்றிய நூலைப் பற்றி எழுதுவது எப்படி?

ஒரு நூல் தம் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். எப்படி மாற்றியது என்று கேட்டால் அந்நூலின் கதைச் சுருக்கத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே, இப்படி ஒரு கட்டுரை எழுத உட்காருபவர் முதலில் நூலை மூடி வைத்துவிட வேண்டும். அதைப் படித்த பிறகு தாம் எதை விட்டார், அல்லது எதைப் புதிதாகத் தொடங்கினார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வாக்கியம் எவ்வளவு முயன்றும் வரவில்லையென்றால், அது அவருக்குப் பிடித்த நூலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இதற்குக் காந்தியின் சுயசரிதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட அவரை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்த நண்பர் போலக், ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலை வழியில் படிக்கக் கொடுத்தார். 24 மணி நேரப் பயணத்தில் அதைக் கீழே வைக்க முடியவில்லை என்றும், டர்பன் சேர்ந்த அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றும் காந்தி எழுதுகிறார். இந்த அளவுக்கு யாரும் எழுதிவிடுவார்கள். அடுத்து அவர் செய்வதுதான் கவனிக்கத்தக்கது. அந்நூலிலிருந்து தாம் எடுத்துக்கொண்ட கருத்துகள் மூன்று என்று வரிசைப்படுத்திவிட்டு, முதலாவது தமக்கு முன்பே தெரிந்தது, இரண்டாவது மங்கலாகத் தெரிந்திருந்தது, உடலுழைப்பு வாழ்க்கையே வாழத்தக்கது என்னும் மூன்றாவதோ தமக்குத் தோன்றியதே இல்லை என்று பிரித்துக் காட்டுகிறார். அவ்வாண்டே, அவர் நடத்திவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம், எல்லாரும் உடலுழைத்து வாழ்வதற்காக டர்பனுக்கு அருகே அவர் அமைத்த ஃபீனிக்ஸ் பண்ணைக்குப் போயிற்று. நூலில் எது புதிது, எது நம்முள் ஏற்கெனவே இருந்தது என்று இவ்வாறு பிரித்து எழுதினாலே கட்டுரையின் பாதி வேலை முடிந்துவிடும்.

படிப்பதற்கு முந்தைய நிலையை எப்படிக் காட்டுவது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உதவும். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1880 அக்டோபரில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஒரு நீண்ட பட்டியலை ஒப்பித்தார். முதலியாரோ சிறிதும் வியக்காமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற திசைக்கு உரையாடலைக் கொண்டுபோனார். ஐயர் அதை 1887-இல் பதிப்பித்ததும், பிறகு பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும் யாவரும் அறிந்தவை. அந்தப் பட்டியலை அவர் விரிவாக எழுதியிருப்பதால்தான், தம் கல்வியைப் பற்றிப் பெருமையோடு இருந்த ஓர் இளைஞரை நாம் பார்க்க முடிகிறது. சிந்தாமணி எந்த இடத்தில் வந்து நுழைந்தது என்பதும் விளங்குகிறது. மேலும், இரண்டு இடங்களிலும் நூலோடு ஒரு மனிதரும் வருகிறார். உங்கள் கையில் அந்நூலைக் கொடுத்தவர் யார், கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிடாதீர்கள்.

நினைவு நம்மை ஏமாற்றும். பள்ளி நாளில் படித்ததாக நினைக்கும் நூலின் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்தால், முதற்பதிப்பே நாம் கல்லூரியை விட்ட பிறகுதான் வந்திருக்கும். பழைய பதிப்புகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்க்கலாம். பழைய பிரதியே கைவசம் இருந்தால் இன்னும் நல்லது: உள் அட்டையில் எழுதிய பெயர், பரிசளிப்பு விழா முத்திரை, ஓரத்தில் பென்சிலால் இட்ட கோடு எல்லாமே சான்றுகள்தாம். அன்று கோடிட்ட வரியும் இன்று கோடிடத் தோன்றும் வரியும் வேறாக இருந்தால், அதைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் கூச்சம் வேண்டாம். திருக்குறளும் டால்ஸ்டாயும் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறார்கள். ஆனால் வார இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, அத்தை பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைதான் உங்களை வாசகராக்கியது என்றால், அதை எழுதுவதே நேர்மை. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி இங்கே மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் நூல்களால் வாசிப்புக்குள் வந்தவர்கள் ஒரு தலைமுறை முழுவதும் இருக்கிறார்கள். பத்து நூல்களை ஒரே கட்டுரையில் அடைக்க வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

கதைச் சுருக்கத்துக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் இடம் தர வேண்டியதில்லை. முதல் வரைவை எழுதி முடிக்கும்வரை நூலை மறுபடி படிக்காமல் இருப்பது நல்லது. இன்றைய வாசிப்பு அன்றைய பதிவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். வரைவு முடிந்ததும் படித்து, மேற்கோள்களை எழுத்துப் பிசகாமல் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று உலுக்கிய நூல் இன்று சாதாரணமாகத் தோன்றினால், வரைவைத் திருத்தி அன்றைய வியப்பைக் குறைத்துவிடாமல், இன்றைய கருத்தைத் தனிப் பத்தியாக அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.