இன்ஜின் வேலை முடிந்த வண்டியில் ஆயில் லீக்: எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது எப்படி?

போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) முடித்து, ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு இன்ஜினை ஏற்றியாகிவிட்டது. மறுநாள் காலையில் பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு) அடியில் நாலு சொட்டு ஆயில். "பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கு" என்றுதான் முதலில் சொல்வார்கள். பின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம். அவசரப்பட்டு இறக்காதீர்கள். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஆயில் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் ஆக மேலே, ஆக முன்னால் இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது.

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். அசெம்பிள் செய்யும்போது சிந்திய ஆயில் போல்ட் குழிகளில் தங்கி, பிறகு வடிந்து லீக் போலவே ஏமாற்றும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டிகிரீஸர் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிரேக் கிளீனர் அடித்து, கம்ப்ரஸர் காற்றில் உலர்த்துங்கள். ஆல்டர்னேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலித்தீன் கவரால் மூடிவிடுங்கள். முழுக்கக் காயாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரேக் கிளீனர் சூடான மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். காய்ந்ததும் சேம்பர் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) விளிம்பு, பிளாக் பக்கம், பின்பகுதி எல்லாவற்றிலும் முகப்பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து, கோடு தொடங்கும் இடம் வரை மேலே போங்கள். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள்.

எந்த சீலையும் கழற்றுவதற்கு முன் பிரீதரை (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) பாருங்கள். புது ரிங் செட்டாகும் வரை பிளோ-பை (சிலிண்டரிலிருந்து ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று) அதிகமாகவே இருக்கும். அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் பிசிவி வால்வு (அதை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் வால்வு) அடைத்திருந்தாலோ, ஹோஸ் மடங்கியிருந்தாலோ, கிராங்க் கேஸில் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பகுதி) அழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். பிசிவி உள்ள இன்ஜினில் தாள் லேசாக உள்ளே இழுபட வேண்டும். படபடவென்று மேலே தூக்கினால் பிரீதர் பாதையைச் சரிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

மேலே டேப்பெட் கவர் (ஹெட்டின் மேல்மூடி). தகரக் கவர் என்றால் போல்ட்டை ஓங்கி முறுக்கியதில் விளிம்பு வளைந்திருக்கும். கேஸ்கெட் மாற்றிப் பயனில்லை, விளிம்பைச் சமமாகத் தட்டி நிமிர்த்த வேண்டும். மாருதி 800 போல டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கும் இன்ஜின்களில், அங்கே உள்ள ஓ-ரிங் கசிந்தால் ஆயில் நேராக பெல் ஹவுசிங் மேல் இறங்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பின் சீல் லீக்தான். ஆயில் பிரஷர் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. ஃபில்டரில் கசிந்தால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் திடீரென்று பீய்ச்சி மொத்த ஆயிலையும் கொட்டிவிடும்.

முன் கிராங்க் சீலில் புது சீல் போட்டும் கசிகிறதென்றால், சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இடமில்லாவிட்டால் பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக ஸ்லீவ் போடலாம். சீலை அடித்து ஏற்றும்போது உதட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் கழன்றுபோவதும் உண்டு.

சேம்பருக்கு 3 மி.மீ. கோடாக சீலன்ட் போதும். நிறையப் பூசினால் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் பம்பின் வலையை அடைக்கும். பிறகு லீக் அல்ல, பேரிங்கே போய்விடும். ஒட்ட வேண்டிய பரப்பில் ஆயில் பிசுக்கு இருந்தால் எந்த சீலன்ட்டும் பிடிக்காது. டப்பாவில் போட்ட நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் பிரீதர் வழிகளை அடைத்து, டிப் ஸ்டிக் குழாய் வழியாக ரெகுலேட்டர் வைத்து 2 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, சோப்பு நீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நுரை வரும். 3 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

கடைசியாகத்தான் கியர்பாக்ஸ். இறக்கியதும் முதலில் முகர்ந்து பாருங்கள்: கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், கசிவது கியர்பாக்ஸ் சீல். இன்ஜின் ஆயில்தான் என்றால் பிளைவீலைக் கழற்றி, பின் சீலோடு கேலரி பிளக்கையும் (பிளாக்கில் உள்ள ஆயில் வழியின் முனையை அடைக்கும் மூடி) பாருங்கள். பிளாக்கைக் கழுவும்போது கழற்றிய பிளக்கை சீலன்ட் இல்லாமல் மாட்டியிருந்தால் அங்கேயும் கசியும். சில இன்ஜின்களில் பிளைவீல் போல்ட் துளை கிராங்க் கேஸ் வரை திறந்திருக்கும். அந்த மரைக்கும் சீலன்ட் வேண்டும். மாட்டும் பின் சீல் ரப்பர் என்றால் உதட்டில் ஆயில் தடவுங்கள். டெஃப்லான் என்றால் உதடும் கிராங்கும் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். சொட்டு ஆயில்கூடப் படக்கூடாது.