மெலிய வைக்கும் மூலிகைப் போத்தலை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். கல்யாண மாதங்கள் நெருங்கினால் போனை நீட்டி, "அக்கா, இதைக் குடிச்சால் மெலியலாமோ?" என்று பேஸ்புக்கில் பார்த்த பச்சைப் போத்தலைக் காட்டுகிற பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லுவதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன செடி, ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம், செய்தவரின் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் இருக்க வேண்டும். "இரகசிய மூலிகைக் கலவை" என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம்.

பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதானா? 2023இல் அமெரிக்காவில், தெஹோகோத்தே என்ற மெக்சிக்கோ மரத்தின் வேர் என்று இணையத்தில் விற்ற 10 பொருள்களைச் சோதித்தார்கள். 9இல் இருந்தது மஞ்சள் அலரி. எங்கள் வளவுகளில் பூக்கிற அதே அலரிதான். அது இதயத்துடிப்பைக் குழப்பும் நஞ்சு என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் சொல்லி வளர்க்கிறோம். அதைத்தான் அங்கே மெலிவதற்கென்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். விற்கிறவர் யாரென்று தெரியாமல் கூரியரில் வரும் போத்தலை நான் யாருக்கும் வாங்கச் சொல்லமாட்டேன்.

அப்புறம், உள்ளே இருப்பது என்ன செய்யும் என்று பாருங்கள். ஸ்பிருலினா நீலப்பச்சைப் பாசி. நிறையில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். ஆனால் 500 மில்லிகிராம் குளிசை ஆறு விழுங்கினாலும் கிடைப்பது ஏறக்குறைய 2 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கடற்பாசிக் குளிசைகளில் அயடீன் அளவுக்கு மிஞ்சி இருக்கலாம். தைரொயிட் வருத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது. மெலிவுத் தேநீர் என்றால் அநேகமாக நிலாவாரை. வயிற்றால் போகும், தராசில் நிறை இறங்கும். இறங்கியது தண்ணீர், கொழுப்பு அப்படியே இருக்கும். தொடர்ந்து குடித்தால் பொட்டாசியமும் குறையும். அம்புல்தியல் என்ற மீன்கறிக்குப் போடுகிற கொறக்காப்புளி கறியில் நல்லது. அதன் சாற்றைச் செறிவாக்கிய குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முருங்கையிலைத் தூளை விலைகொடுத்து வாங்குவதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வேலியில் நிற்கிற மரத்தில் ஒடித்து வறை வறுத்துச் சாப்பிடுங்கள்.

சில நாளிலேயே பசி அடங்கி, நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்து, நித்திரையும் வராவிட்டால் கவனம். 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்தை, மூலிகை என்று சொல்லி விற்ற குளிசைகளுக்குள் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பிரஷர், சீனி வருத்தம் என்று குளிசை எடுப்பவர்கள் கிளினிக் கொப்பியையும் போத்தலையும் ஒன்றாக டொக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் அம்மாக்களும் இந்த மெலிவுக் குளிசை, தேநீர் எதையும் எடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், நெஞ்சு படபடத்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போத்தலை எறிய வேண்டாம், கையோடு கொண்டுபோங்கள். மூடி இல்லாவிட்டாலும் லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.