அப்பாவின் சட்டைப்பை அட்டை

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அஃபேசியா என்ற மொழிக் குறைபாடு. நினைவு தெளிவாக இருக்கிறது. சொல்தான் வாயில் வராது. ஒருநாள் பேருந்தில் ஊர்ப்பெயர் சொல்லத் திணறியவரை, குடித்திருக்கிறார் என்று நினைத்து நடத்துநர் இறக்கிவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. ஆனால் அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை குறைபாட்டைச் சொல்லுமே தவிர, அவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லாது.

நானே ஓர் அட்டை தயார் செய்தேன். முதலில் பத்து வரி; யாரும் படிக்கவில்லை. அப்புறம் பெரிய எழுத்தில் நான்கே வரி: "எனக்குப் பேச்சு வராது. நீங்கள் சொல்வது புரியும். மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தலையசைத்துப் பதில் சொல்வேன்." பின்பக்கம், விரல் வைத்துக் காட்ட, வழக்கமாகப் போகும் நிறுத்தங்களின் பெயர்கள். லேமினேட் செய்து பையில் வைத்தேன்.

நேற்றுத் தனியாகவே பஸ் ஏறிப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.