தொலைதூர விண்மீனின் கோள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் மேகம் விலகிய இரவொன்றில் மண்டபம் கடற்கரையில் நின்றால், ஒன்பது மணியளவில் கும்ப விண்மீன் குழு உச்சிக்குச் சற்றே தெற்கில் இருக்கும். அந்தத் திசையில் சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய சிவப்பு விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. இதைப் பற்றி இங்குள்ள மாணவர்களிடம் பேசும்போதெல்லாம், "அங்கே இன்னொரு பூமி இருக்கிறதாமே?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அளந்து அறிந்ததையும் ஊகித்ததையும் பிரிக்காமல் சொல்வதால் பிறக்கும் கேள்வி அது.

செய்திகளில் வரும் நீலக் கடலும் பழுப்பு நிலமும் ஓவியரின் கற்பனை. அவற்றை நிழற்படம் என்று எண்ணக் கூடாது. கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறைந்து மீள்வதைத்தான் தொலைநோக்கி பதிவு செய்கிறது. டிராப்பிஸ்ட்-1 வியாழனைவிடச் சற்றே பெரியது என்பதால், பூமியளவுக் கோள்கூட அதன் ஒளியில் ஏறக்குறைய 0.7 சதவீதத்தை மறைத்துவிடுகிறது.

அந்த ஒளிக்குறைவு கோளின் உருவளவை மட்டுமே தரும். அதைக் கொண்டே கோள் எதனால் ஆனது என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. பாம்பனில் வலையோடு கரைக்கு வந்து பந்துபோல் உப்பிக் கிடக்கும் பேத்தை மீனைப் பார்த்தவர்கள், உருவத்தை வைத்து எடை சொல்ல மாட்டார்கள். கெப்ளர்-51 என்ற விண்மீனின் மூன்று கோள்கள் அத்தகையவை. உருவில் சனியை நெருங்கினாலும் அவற்றின் நிறை பூமியைப்போல் சில மடங்குதான், அடர்த்தியோ நீரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டிராப்பிஸ்ட்-1-இன் கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை விண்மீனைக் கடக்கும் நேரம் நிமிடக்கணக்கில் முன்பின்னாகிறது. அந்த மாறுபாட்டிலிருந்தே அவற்றின் நிறைகள் கணிக்கப்பட்டன. ஏழின் அடர்த்தியும் பூமியினுடையதைவிடச் சற்றே குறைவு என்பதால் அவற்றைப் பாறைக் கோள்கள் எனலாம்; அங்கே தண்ணீர் உண்டு என்று சொல்ல அது போதாது.

கோளின் ஈர்ப்பால் விண்மீன் படும் தள்ளாட்டத்தை மட்டும் அளந்து பெறுவது கோளின் குறைந்தபட்ச நிறை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனைச் சுற்றும் புராக்சிமா செண்டாரி பி என்ற கோளைப் பற்றி எழுதும்போது "குறைந்தது பூமியளவு" என்பதிலுள்ள முதற்சொல்லை விட்டுவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது, "வாழத்தகு மண்டலம்" என்பதை உயிர்கள் வாழும் இடம் என்று படிப்பதாகும். தக்க வளிமண்டலம் இருந்தால் தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவு என்பதே அதன் பொருள். வளிமண்டலத்தின் வெப்பப்பிடிப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பூமியின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்று வரும். உண்மையான சராசரியோ சுமார் 15 டிகிரி. ராமேசுவரத்தில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கே ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா சீறும்போது, அதே சூரியனின் கீழ் வடக்கே பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடா குளம்போல் கிடப்பதைக் கண்டவர்களுக்கு, சூரியனிடமிருந்துள்ள தொலைவு மட்டும் ஓர் இடத்தின் தன்மையைத் தீர்மானிக்காது என்று விளக்க வேண்டியதில்லை. டிராப்பிஸ்ட்-1-இன் ஏழு கோள்களில் மிக உட்புறத்திலுள்ளதன் பகல்பக்கம் சுமார் 230 டிகிரி என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் அளந்தது. காற்றில்லாத வெறும் பாறைக்கு அந்த எண் பொருந்துகிறது.

இத்தனை நெருங்கிச் சுற்றும் கோள்கள், நிலவு நமக்குக் காட்டுவதுபோல, ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதனால் அவை சுழலவில்லை என்று எழுதுவது பிழை. அப்படிப்பட்ட கோள் ஒருமுறை விண்மீனைச் சுற்றும் நேரத்திலேயே தன்னைத்தானும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது.